ஒரு பித்தளைக் கல்லுல ஆரம்பிச்சு ஒருத்தரோட கதைய தேடுறது எப்படி: நாஜி கால பேப்பர்களைப் படிக்க முழு வழிகாட்டி

ஸ்கூல்ல நமக்கு சொல்லிக் குடுத்தது ரெண்டு முனை மட்டும்தான். 1933ல ஹிட்லர் ஆட்சிக்கு வந்தாரு, 1945ல போர் முடிஞ்சப்போ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தாங்க. நடுவுல 12 வருஷம் என்ன நடந்துச்சு, வாடகை குடுத்துட்டு, பால் வாங்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு வணக்கம் சொல்லிட்டு இருந்த ஒரு சாதாரண மனுஷி எப்படி ஒருநாள் ரயில்ல ஏத்தப்பட்டாங்கன்னு யாருமே சொல்லல. நான் பெர்லினுக்கு வந்து ரொம்ப நாளைக்கு எனக்கும் தெரியாது. ஒரே ஒரு பேரை எடுத்துக்கிட்டு அதுக்கு பின்னாடி இருக்குற பேப்பரை ஒண்ணொண்ணா தேட ஆரம்பிச்ச பிறகுதான் புரிஞ்சுது, இது முழுக்க முழுக்க ஆபீஸ் வேலையா நடந்திருக்கு, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஃபார்ம், ஒரு சீல், ஒரு கையெழுத்து இருக்கு. அந்தப் பேப்பர்ல பாதி இப்போ நெட்லயே இருக்கு, ஜெர்மன் தெரியாட்டியும் டிரான்ஸ்லேட்டர் வச்சு சமாளிக்கலாம். எந்த வரிசையில தேடணும், எங்க ஏமாறுவீங்கன்னு இதுல சொல்றேன்.

நான் தேடுன ஆளையே உதாரணமா எடுத்துக்கறேன். பேர் சொல்லல. 1889ல பொறந்த ஒரு தையல்காரம்மா, பெர்லின் பிரென்ஸ்லவர் பெர்க்ல இருந்தவங்க.

ஸ்டெப் 1: கல்லை ஒழுங்கா படிங்க

ஜெர்மனியில நிறைய ஊர்கள்ல நடந்தா சில வீட்டு வாசலுக்கு நேரா நடைபாதையில 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவுல ஒரு பித்தளைத் தகடு பதிச்சிருக்கும். ஸ்டோல்பர்ஷ்டைன்னு பேரு, கால்ல இடறுற கல்லுன்னு அர்த்தம். குன்டர் டெம்னிக்னு ஒரு கலைஞர் 1992ல கொலோன்ல ஆரம்பிச்சது, 2023 மே மாசம் நியூரம்பெர்க்ல 1 லட்சமாவது கல்லை பதிச்சாங்க, இன்னைக்கு ஐரோப்பா முழுக்க இருக்கு. முனிச் நகராட்சி பொது நடைபாதையில வைக்க விடல, இறந்தவங்க பேரை காலால மிதிக்கக் கூடாதுன்னு அங்க இருக்குற யூத சமூகத்துலயே சிலர் சொன்னதால. அந்த வாதத்துலயும் நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

முதல் வரி பெரும்பாலும் "ஹியர் வோன்டெ", அதாவது இங்க குடியிருந்தாங்க. அப்புறம் பேரு. "கெப்" அப்படின்னு மூணெழுத்து சுருக்கம் இருந்தா அதுக்கு அடுத்து வர்றது கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த குடும்பப் பேரு, இதை கண்டிப்பா குறிச்சுக்கோங்க, பின்னாடி தேடும்போது இதுதான் காப்பாத்தும். அப்புறம் பொறந்த வருஷம், நாடு கடத்துன தேதி, கொல்லப்பட்ட இடம். சில கல்லுல "ஃப்ளுக்ட் இன் டென் டோட்" அப்படின்னு இருக்கும், சாவுக்குள்ள தப்பிச்சுப் போனாங்கன்னு அர்த்தம், ரயில் ஏறச் சொல்லி கடிதாசி வந்ததும் உயிரை விட்டவங்களுக்கு அப்படித்தான் எழுதுறாங்க. பெர்லின்ல அவங்க பல பேர் வைசென்ஸே யூதக் கல்லறையில இருக்காங்க.

முக்கியமான ஒரு விஷயம், கல்லு இருக்குற வீடு அவங்க கடைசியா தானா விரும்பி இருந்த வீடு. அங்கிருந்துதான் கூட்டிட்டுப் போனாங்கன்னு நினைச்சுக்காதீங்க. ஸ்டெப் 4ல இதுக்கு வர்றேன்.

ஸ்டெப் 2: நெட்டை தொடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல வயசை கணக்கு போடுங்க

இதை நிறைய பேர் செய்யமாட்டாங்க, ஆனா இதுக்கு அப்புறம் கிடைக்கிற ஒவ்வொரு பேப்பரும் இதுல போய் உக்காரும். இடது பக்கம் வருஷம், நடுவுல அரசாங்கம் என்ன செஞ்சுது, வலது பக்கம் அந்த ஆளோட வயசு.

நம்ம தையல்காரம்மா பொறந்தது 1889. அதுக்கு 10 வருஷம் முன்னாடி, 1879லயே, வில்ஹெல்ம் மார்னு ஒரு பத்திரிகைக்காரர் யூத வெறுப்புக்கு "ஆன்டிசெமிட்டிசம்"ங்கற சொல்லை பரப்பிட்டாரு, அதே வருஷம் பெர்லின் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ட்ரைச்கே "யூதர்கள்தான் நம்ம துரதிர்ஷ்டம்"னு எழுதிட்டாரு. அந்த வரியத்தான் பிற்காலத்துல நாஜிகளோட ஷ்ட்யூர்மர் பத்திரிகை வாராவாரம் முதல் பக்கத்துல போட்டுச்சு. அதாவது ஹிட்லர் பொறக்குறதுக்கு முன்னாடியே, படிச்சவங்க வாயில இருந்தே யூத வெறுப்பு மரியாதையான பேச்சா வந்துடுச்சு. ஹிட்லர் பொறந்ததும் அதே 1889தான்.

ஆணா இருந்தா முதல் உலகப் போருக்கு போனாரான்னு பாருங்க. சுமார் 1 லட்சம் ஜெர்மன் யூதர்கள் அந்தப் போர்ல இருந்தாங்க, 12,000 பேர் செத்தாங்க. அப்படி இருந்தும் 1916ல ராணுவத்துல யூதர்களை மட்டும் தனியா எண்ணுனாங்க, "இவங்க போர்முனைக்கு போகாம ஒளியறாங்க"ன்னு ஒரு புரளி ஓடிட்டு இருந்ததால. போர் நடந்து முடியுற வரைக்கும் முடிவை வெளியிடவே இல்ல.

அப்புறம் 44 வயசுல, 1933 பிப்ரவரி 27 ராத்திரி பார்லிமென்ட் கட்டிடம் எரியுது, மறுநாளே பேச்சு சுதந்திரம், கைதுக்கு எதிரான பாதுகாப்பு எல்லாத்தையும் நிறுத்தி ஒரு அவசர ஆணை. மார்ச் 23 ஓட்டெடுப்புல 444 பேர் ஹிட்லருக்கு முழு அதிகாரம் குடுத்து ஓட்டு போடுறாங்க, எதிர்த்தது சோஷியல் டெமாக்ரட் கட்சியோட 94 பேர் மட்டும், கம்யூனிஸ்ட் எம்பிக்கள உள்ளேயே விடல. ஏப்ரல் 1 யூதக் கடைகளுக்கு புறக்கணிப்பு, ஏப்ரல் 7 அரசு வேலையில இருந்து யூதர்களை வெளியேத்துற சட்டம். 46 வயசுல நியூரம்பெர்க் சட்டங்கள், முழுக் குடியுரிமையும் போச்சு, யூதர் அல்லாதவங்களை கட்டிக்கவும் முடியாது. 49 வயசுல, 1938 ஆகஸ்ட்ல ஒரு ஆணை, 1939 ஜனவரி 1ல இருந்து, அரசாங்கப் பட்டியல்ல இருக்குற யூதப் பேரு ஏற்கனவே இல்லாத யூதப் பெண்கள் பேரோட "சாரா"ன்னும் ஆண்கள் "இஸ்ரேல்"னும் சேர்த்துக்கணும். அதே 1938 அக்டோபர்ல பாஸ்போர்ட்ல சிவப்பு "ஜே" சீல். நவம்பர் 9, 10ல 1,400க்கு மேல ஜெபக்கூடங்கள் நாசம், சுமார் 30,000 ஆண்கள் முகாமுக்கு, அதுக்கு மேல அந்த நாசத்துக்கு நஷ்ட ஈடா 100 கோடி மார்க் யூதர்களே கட்டணும்னு உத்தரவு. 50 வயசுல ரேடியோ பறிமுதல், அடுத்த வருஷம் டெலிபோன். 52 வயசுல, 1941 செப்டம்பர் 19ல இருந்து கோட்டுல மஞ்சள் நட்சத்திரம்.

"ஏன் தப்பிச்சு போகல"ன்னு உங்களுக்கும் கேக்கத் தோணும், எனக்கும் தோணுச்சு. போறதுக்கு, சொத்து ஒரு அளவுக்கு மேல இருந்தா அதுல கால் பங்கு தப்பியோடும் வரின்னு கட்டணும், இந்த வரியை நாஜிகள் கண்டுபிடிக்கல, 1931ல முந்தைய அரசாங்கம் பணக்காரங்க காசை வெளிய கொண்டு போறத தடுக்க போட்டது, இவங்க அதை யூதர்கள் கழுத்துக்கு திருப்பிட்டாங்க. மிச்சமிருக்குற காசை வெளிநாட்டுப் பணமா மாத்துனா ரொம்ப கொஞ்சம்தான் கைக்கு வரும், விசா குடுக்க நாடுகள் தயாரா இல்ல. தையல் மெஷின் ஒண்ணை வச்சு பொழைக்கிற 50 வயசு பொம்பளைக்கு எந்த நாட்டு தூதரகம் கதவு திறக்கும்.

ஸ்டெப் 3: நினைவுப் புத்தகம்

ஜெர்மன் மத்திய ஆவணக் காப்பகத்தோட கெடென்க்பூக், அதாவது நினைவுப் புத்தகம், நெட்ல இலவசமா இருக்கு. 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல பேர். பேரு, பொறந்த தேதி, பொறந்த ஊர், கடைசி ஊர், எந்த தேதி எங்கிருந்து எங்க கடத்துனாங்கன்னு நாலஞ்சு வரி இருக்கும்.

பேரு வரலன்னா பதறாதீங்க. எழுத்து மாத்திப் பாருங்க, கல்யாணத்துக்கு முந்தின பேரைப் போடுங்க, பொறந்த தேதியை மட்டும் போட்டு தேடுங்க. ஊர் பேரும் குழப்பும், அப்போ போசென்னு இருந்தது இப்போ போலந்துல போஸ்னான், ப்ரெஸ்லவ் இப்போ வ்ரோட்ஸ்வாஃப், பேப்பர்ல லிட்ஸ்மன்ஷ்டாட்னு வந்தா அது வூட்ஜ் நகரம். ஜெருசலேம்ல இருக்குற யூத இனப்படுகொலை நினைவு மையம் யாத் வாஷேம் தளத்துலயும் போட்டுப் பாருங்க, அங்க 48 லட்சத்துக்கு மேல பேர் இருக்கு, எழுத்துப் பிழையோட தேடுனாலும் பக்கத்துல இருக்குற பேரை காட்டும்.

ஸ்டெப் 4: 1939 மே 17 கணக்கெடுப்பு

அன்னைக்கு ஜெர்மனி முழுக்க மக்கள்தொகை கணக்கெடுத்தாங்க. எல்லா வீட்டுக்கும் சாதா ஃபார்மோட ஒரு கூடுதல் கார்டு குடுத்தாங்க, அப்பா வழி அம்மா வழி தாத்தா பாட்டி 4 பேர்ல யார் யார் யூதர்னு அதுல எழுதி, கவர்ல போட்டு ஒட்டிக் குடுக்கணும். 4 பேரும் யூதர்னா ஜே எழுத்து நாலு தடவை. மேப்பிங் த லைவ்ஸ்ங்கற தளத்துல இந்தக் கார்டு விவரம் மேப்போட இருக்கு, அன்னைக்கு அவங்க இருந்த தெரு, வீட்டு நம்பர், கூட யார் யார் இருந்தாங்கன்னு வரும்.

இதுக்கு 2 வாரம் முன்னாடி, 1939 ஏப்ரல் 30ல, யூத வாடகைதாரர்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் குடும்பம் குடும்பமா வீட்டை காலி பண்ண வச்சு வேற யூதர் வீட்டுல ஒரு அறைக்குள்ள அடைச்சாங்க. அதனால 1939ல ஒரு அட்ரஸ், ரயில் லிஸ்ட்ல வேற அட்ரஸ் வந்தா தப்பான ஆளுன்னு விட்டுடாதீங்க. எங்கம்மா (அந்தத் தையல்காரம்மாதான், இத்தனை நாள் தேடுனதுல இப்படித்தான் சொல்ல வருது) கல்லு ஒரு தெருவுல, ரயில் லிஸ்ட் இன்னொரு தெருவுல, அங்க அவங்க இன்னொரு குடும்பத்துக்கிட்ட உள்வாடகைக்கு இருந்தாங்க.

ஸ்டெப் 5: பழைய அட்ரஸ் புக்

பெர்லின் அட்ரஸ் புக் 1943 வரைக்கும் ஸ்கேன் பண்ணி நெட்ல இருக்கு. தெரு வாரியா தேடுனா ஒவ்வொரு வீட்டுலயும் யார் இருந்தாங்க, என்ன தொழில்னு வரும். வருஷா வருஷம் அதே பக்கத்தை திறந்து பாருங்க, எந்த வருஷம் பேர் காணாம போகுதுன்னு தெரியும். உள்வாடகைக்காரங்க பேர் இதுல வராது, பழைய கோதிக் அச்சு கண்ணுக்குப் பழக ஒரு மணி நேரம் ஆகும், அவ்ளோதான்.

ஸ்டெப் 6: 16 பக்க ஃபார்ம்

இந்த ஸ்டெப்புக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்க, வேற எதையும் அன்னைக்கு வச்சுக்காதீங்க.

ரயில் ஏத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் சொத்து விவர ஃபார்ம் ஒண்ணு வாங்குனாங்க, 16 பக்கம். பெர்லின் ஆளுங்களோட ஃபைல் எல்லாம் பாட்ஸ்டாம்ல பிராண்டன்பர்க் மாநில ஆவணக் காப்பகத்துல, வரித்துறை தலைமை அலுவலகம்ங்கற தலைப்புல, 40 ஆயிரத்துக்கு மேல இருக்கு. பேரு போட்டு அவங்க தளத்துல தேடலாம், நிறைய ஸ்கேனும் வந்துடுச்சு. வரலன்னா மெயில் போடுங்க, பதில் வரும்.

முதல் பக்கங்கள்ல பேரு, வேலை, வீட்டுல எத்தனை அறை, வாடகை எவ்வளவு, எந்த தேதி வரைக்கும் கட்டியாச்சு. அப்புறம் பேங்க், இன்ஷூரன்ஸ், கடன். அப்புறம் வீட்டுச் சாமான், அச்சடிச்ச பட்டியல்: கட்டில், மெத்தை, அலமாரி, திரைச்சீலை, விளக்கு, துணிமணி, எத்தனைன்னு எழுத பக்கத்துல கட்டம். பல பேர் பக்கம் பக்கமா ஒரே கோடு கிழிச்சு விட்டிருப்பாங்க, ஒண்ணுமே மிச்சமில்ல. எங்கம்மா ஃபார்ம்ல தையல் மெஷின் 1, கட்டில் 1, நாற்காலி 2. கையெழுத்து சாஞ்சு அழகா இருக்கும், தைக்கிறவங்களுக்கே உரிய நிதானம் அதுல தெரியும். கடைசிப் பக்கத்துல கையெழுத்து போட்டுட்டாங்க, அப்புறம் எடம் இல்லாத எடத்துல நெருக்கி "சாரா"ன்னு சேர்த்திருக்காங்க. மறந்துட்டு அப்புறம் எழுதுனாங்களா, யாராவது அதட்டுனாங்களான்னு பேப்பர் சொல்லாது. அந்தச் சின்ன சொல்லைப் பாத்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

அதோட ஃபைல் முடிஞ்சுதுன்னு மூடிடாதீங்க. அதுக்கு பின்னாடி வர்ற பேப்பர்தான் இந்த ஆட்சி எப்படி ஓடுச்சுன்னு காட்டும். பறிமுதல் ஆணையை கோர்ட் அமீனா, ரயில் ஏத்துறதுக்கு முன்னாடி ஆளுங்களை சேர்த்து வச்ச முகாம்லயே வந்து கையில குடுத்ததுக்கு அத்தாட்சி இருக்கும். பெர்லின்ல முதல்ல லெவெட்ஸோ தெரு ஜெபக்கூடத்தைத்தான் அந்த முகாமா மாத்தியிருந்தாங்க, ஜெபம் பண்ண இடத்துலயே வைக்கோல் மேல படுத்திருந்தாங்க. ஆணையில என்ன சட்டம் போட்டிருக்குன்னு பாருங்க. ஆரம்பத்துல "மக்களுக்கும் அரசுக்கும் விரோதிகளோட சொத்து"ன்னு 1933 சட்டம். 1941 நவம்பர் 25ல இன்னொரு ஆணை வருது, வெளிநாட்டுல குடியிருக்குற யூதர் மிச்சமிருந்த குடியுரிமையும் சொத்தும் தானா இழப்பாங்கன்னு. அரசாங்கமே ரயில்ல ஏத்தி எல்லை தாண்ட வைக்கும், அப்புறம் "வெளிநாட்டுல இருக்காங்க"ன்னு சொல்லி சொத்தை எடுத்துக்கும். ஜெர்மனி பிடிச்சு வச்சிருந்த செக் பகுதியில, எல்லைக்குள்ளயே இருக்குற தெரேசியென்ஷ்டாட் முகாமுக்கு போனவங்களுக்கு இது செல்லாதுன்னு அந்தப் பழைய விரோதி சட்டத்தையே போட்டாங்க, வசதி இருந்த வயசானவங்ககிட்ட "முதியோர் இல்லத்துல ஆயுசு முழுக்க இடம்"னு ஒப்பந்தம் போட்டு கடைசி காசையும் வாங்குனாங்க.

அப்புறம் அமீனாவோட மதிப்பீட்டு லிஸ்ட், ஒவ்வொரு சாமானுக்கும் விலை. அப்புறம் வாங்குன வியாபாரியோட ரசீது. அப்புறம் வீட்டுக்காரர் கடிதாசி, வீடு சீல் வச்சிருந்த மாசத்துக்கு வாடகை பாக்கி குடுங்கன்னு வரித்துறைக்கு எழுதுவாரு. கரண்ட், கேஸ் பில் பாக்கி. வரித்துறை குமாஸ்தா எல்லாத்தையும் நேர்மையா கணக்கு பாத்து பைசல் பண்ணுவாரு. இவங்க யாரும் துப்பாக்கி தூக்கல. ஆனா அந்தம்மா திரும்பி வரப்போறதில்லன்னு இந்த பேப்பரை எழுதுன ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருக்குன்னு எனக்கு சந்தேகமே இல்ல, இல்லாட்டி கட்டிலையும் மெத்தையையும் விப்பாங்களா. போருக்கு அப்புறமும் இந்த மாதிரி ஆளுங்க நிறைய பேர் அதே வேலையில தொடர்ந்தாங்க. நியூரம்பெர்க் சட்டங்களுக்கு விளக்க உரை எழுதுனவங்கள்ல ஒருத்தரான ஹான்ஸ் குளோப்கே 1953ல இருந்து 1963 வரைக்கும் மேற்கு ஜெர்மனி பிரதமர் அலுவலகத்துக்கே தலைவரா இருந்தாரு. இது எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம்.

ஸ்டெப் 7: ரயில் லிஸ்ட்

ஸ்டாடிஸ்டிக் டெஸ் ஹோலோகாஸ்ட்ங்கற தளத்துல (ஹோலோகாஸ்ட்னா நாஜிகள் செஞ்ச யூத இனப்படுகொலை) ரயில் லிஸ்ட் ஸ்கேன் இருக்கு, தேதி வாரியா. வரிசை எண், பேரு, பொறந்த தேதி, தொழில், வேலை செய்ய முடியுமா, அட்ரஸ். டைப்ரைட்டர்ல அடிச்சது, சில பேரை பென்சில்ல அடிச்சிருப்பாங்க.

இங்க வார்த்தையை நம்பாதீங்க. "இடம்பெயர்ந்தார்", "அப்புறப்படுத்தப்பட்டார்", "எங்கோ போய்விட்டார்" மாதிரி சொல்லு எல்லா பேப்பர்லயும் வரும், எல்லாத்துக்கும் அர்த்தம் ஒண்ணுதான், ரயில்ல ஏத்தி நாடு கடத்திட்டாங்க.

பெர்லின்ல இருந்து முதல் ரயில் 1941 அக்டோபர் 18, க்ரூனவால்ட் ஸ்டேஷன்ல இருந்து வூட்ஜுக்கு. அந்த ஸ்டேஷனோட 17வது பிளாட்பாரத்துல இன்னைக்கு 186 எஃகுத் தகடு பதிச்சிருக்காங்க, ஒவ்வொண்ணுலயும் தேதி, எத்தனை பேர், எந்த ஊருக்கு. கடைசி தகடு 1945 மார்ச் 27, போர் முடிய ஆறே வாரம்தான் இருந்துச்சு. பெர்லினுக்கு வந்தா போய் பாருங்க. தண்டவாளத்துக்கு நடுவுல மரம் வளர்ந்து நிக்குது.

ஸ்டெப் 8: இறந்த தேதியில ஏமாறாதீங்க

"1945 மே 8"னு இருந்தா அது உண்மையான தேதியா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆள் திரும்பி வரலன்னு போருக்கு அப்புறம் கோர்ட்டு "இறந்ததா கருதப்படுவார்"னு அறிவிக்கும்போது போட்ட தேதி அது. 1945 டிசம்பர் 31ம் அப்படித்தான்.

ஆனா ரயில் தேதி தெரிஞ்சா சில நேரம் உண்மையான நாளே தெரியும். 1941 நவம்பர் 27 பெர்லின்ல கிளம்பி லாட்வியாவுல இருக்குற ரீகா போன ரயில்ல 1,000 பேருக்கு மேல இருந்தாங்க, நவம்பர் 30 காலையில போய் சேர்ந்ததும் அத்தனை பேரையும் ரும்புலா காட்டுல சுட்டுட்டாங்க. அதே மாசம் பெர்லின், முனிச், ஃபிராங்க்ஃபர்ட், வியன்னா, ப்ரெஸ்லவ்ல இருந்து லிதுவேனியாவுல இருக்குற கவுனஸுக்கு போன 5 ரயில்காரங்களை 25, 29 தேதிகள்ல ஒன்பதாம் கோட்டையில சுட்டாங்க. யூதர்களை அழிக்கிற வேலையை அதிகாரிகள் ஒருங்கிணைச்ச வான்சே கூட்டம்னு எல்லாரும் சொல்றது 1942 ஜனவரி 20, அதுக்கு முன்னாடியே இது நடந்தாச்சு. எங்கம்மா போனது நவம்பர் 27 ரயில்.

அவுஷ்விட்ஸ் முகாம்னா இறந்தவங்க பதிவேட்டுல பேர் இல்லாட்டி ஆள் அங்க போகலன்னு முடிவு கட்டக் கூடாது, முகாம்ல நம்பர் போட்டு சேர்த்தவங்களைத்தான் எழுதுனாங்க, ரயில்ல இருந்து நேரா கேஸ் சேம்பருக்கு அனுப்புனவங்களை எழுதவே இல்ல. தெரேசியென்ஷ்டாட்னா செக் நாட்டு ஹோலோகாஸ்ட் தளத்துல இறப்புச் சான்றிதழ் ஸ்கேன் கிடைக்கும், காரணம் "குடல் அழற்சி", "முதுமை தளர்ச்சி"ன்னு இருந்தா பட்டினின்னு படிங்க.

ஸ்டெப் 9: அவங்க ஆளுங்க எழுதுன பேப்பர்

இதுவரைக்கும் பாத்தது பூரா கொன்னவங்க எழுதுன பேப்பர். அதுல இருந்து ஒருத்தரோட சிரிப்பு, கோவம், என்ன சமைப்பாங்கன்னு எதுவும் தெரியாது. அதனால இதை விட்டுடாதீங்க. பாட் அரோல்சன் ஊர்ல இருக்குற அரோல்சன் ஆவணக் காப்பகத்துல சுமார் 3 கோடி ஆவணம் இருக்கு, போருக்கு அப்புறம் சொந்தக்காரங்க "என் அக்கா எங்க"ன்னு தேடி எழுதுன கடிதாசியும் இருக்கும். 1950கள்ல இருந்து நஷ்ட ஈடு கேட்டவங்க ஃபைல் பெர்லின்ல இருக்கு, அதுல உறவுக்காரங்க வீட்டை ஞாபகத்துல இருந்து விவரிச்சிருப்பாங்க. யாத் வாஷேம்ல சாட்சிப் பக்கம்னு ஒண்ணு உண்டு, தெரிஞ்சவங்க கைப்பட எழுதி, சிலர் போட்டோ ஒட்டி குடுத்தது.

எங்கம்மாவுக்கு சாட்சிப் பக்கம் ஒண்ணு இருந்துச்சு. அண்ணன் மகள் எழுதுனது. தொழில்ங்கற கட்டத்துல தையல்காரின்னு எழுதிட்டு நிறுத்தல, கல்யாணத் துணின்னு சேர்த்திருந்தாங்க.

ஸ்டெப் 2ல போட்ட பேப்பரை இப்போ எடுத்து, வலது பக்கம் இதையெல்லாம் எழுதுங்க. எங்கயாவது தேதி தப்பா இருந்தா அந்தந்த தளத்துக்கு ஸ்கேனோட மெயில் போடுங்க, திருத்துறாங்க. என் பேப்பர்ல 1934ல இருந்து 1938 வரைக்கும் இன்னும் காலியா இருக்கு, அட்ரஸ் புக்ல அந்தத் தெருவோட பக்கங்களை இந்த வாரம் திரும்ப ஒரு தடவை பாக்கணும், கல்யாணத் துணி தைக்கிறவங்கன்னு தெரியாம தேடுனப்போ தொழில் வாரியான பட்டியலை நான் திறக்கவே இல்ல.